பூஜ்ஜியம் வராத ஞாயிறுகள்

தெருவில் அவரை ஆடிட்டர் என்றால்தான் தெரியும். ஆடிட்டர் படிப்புக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர் அவர். வாசலில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்பியது, எது தாமதமாக வந்தது என்று குறித்துக்கொள்வது வேலை. ஆடிட்டர் பட்டம் வீட்டுக் கம்ப்யூட்டரால் வந்தது.

மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தாள். அம்மா இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கும்பிடு போட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க அடுத்தவர் மூக்குக்கும் காதுக்கும் தோதாக ஃபிரேமை வளைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், திரையைப் பார்க்கக் கண் ஒத்துழைக்காது. அப்பாதான் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்துவிடுவார். வங்கி அனுப்பிய அறிக்கை இடது பக்கம், திரை எதிரே. வங்கி சொல்லும் ஒவ்வொரு வரியையும், தான் ஏற்றி வைத்திருக்கும் வரியோடு பார்த்து டிக் அடித்துக்கொண்டே போவார். திரையின் அடியில் ‘வித்தியாசம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லாம் பொருந்தினால் அதில் பூஜ்ஜியம் வரும். வந்ததும் சமையலறை பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.

“இங்க வா. வந்து பாரு.”

அவள் கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்ப்பாள். “என்ன இருக்கு பாக்க? முட்டை.”

“முட்டைதான். இந்த முட்டைக்குத்தான் இத்தனை பாடு!”

“என் முகத்தை இப்படி உத்துப் பாத்திருந்தீங்கன்னா, நான் எப்பவோ அழகாயிருப்பேன்.”

“உன்கிட்ட வித்தியாசமே வராதே. எதுக்கு உத்துப் பாக்கணும்?”

இப்படி ஏதாவது சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

தெருவில் அதே மென்பொருளை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சர்தான் முதலில் வந்தாள். அவள் கணக்கில் ஒரு மாதச் செலவு அத்தனையும் இரண்டிரண்டாக நின்றது. வங்கியிலிருந்து இறக்கிய கோப்பை, ஏறியதோ இல்லையோ என்ற சந்தேகத்தில் இரண்டு தரம் ஏற்றியிருந்தாள். மருந்துக்கடைக்காரர் தன் வாடகை வரவைச் செலவுப் பக்கம் போட்டுவிட்டு, ஊரெல்லாம் வங்கியைத் திட்டிக்கொண்டிருந்தார். “வித்தியாசத்துல பாதி எவ்வளவோ, அந்தத் தொகையைத் தேடுங்க. வரவு செலவாயிருந்தா ரெட்டிப்பாத்தான் இடிக்கும்” என்றார் ஆடிட்டர். மருந்துக்கடைக்காரர் தேடினார், கிடைத்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார் என்பார். போன மாதம் வரை சரியாக இருந்து இந்த மாதம் தொடக்க இருப்பே தப்பாகக் காட்டினால், முடித்து வைத்த பழைய கணக்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பார். நோயாளியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி, கேள்வி கேட்டுக்கொண்டே பாதி வழி போய்விடுவார்.

பணிமனைக் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் ஒரு நாள் அவருக்கு அந்த நோய் வந்தது. வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பேனா விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். ஆள் பிழைத்தார். வலது கை மடியிலேயே கிடந்தது. கால் இழுத்து இழுத்து நடக்கப் பழகியது. பேச்சு மட்டும் பிடிகொடுக்காமல் போக்குக் காட்டியது. தண்ணீர் கேட்க நினைத்துக் கதவு என்பார். சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும். அதுதான் கொடுமை. ஒரு தடவை மனைவியைப் பார்த்து “செருப்பு” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தது.

பணிமனை அவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு நாள் அவராகவே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். இடது கை விரல் ஒன்றால் தட்டித் தட்டி, அந்த மாதத்து ரசீதுகளை ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. சத்தம் போடாமல் துணி மடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

இருபத்தேழு இடித்தது.

அவர் மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார். அவளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. வங்கி அறிக்கையில் ஐம்பத்தெட்டு, திரையில் எண்பத்தைந்து. அவர் விரல் அந்த வரியின் மேல் நின்றது, இங்கும் பார்த்தது, அங்கும் பார்த்தது, டிக் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது என்று அவளுக்குப் புரிய, கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. மதியம்வரை உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் இடது கையால் மேசையை ஓங்கிக் குத்திவிட்டுப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவர் கண் அசந்ததும் போய், எண்பத்தைந்தை ஐம்பத்தெட்டாக்கிவிட்டு வந்தாள்.

எழுந்து வந்து பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு, சமையலறை பக்கம் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்து, “வா... பாரு” என்றார். வந்து பார்த்தாள். முட்டை என்று சொல்லவேண்டிய இடம். தலையை மட்டும் ஆட்டினாள்.

அதிலிருந்து அது வழக்கமாகிப் போனது. சனிக்கிழமை அவர் வெளியே நடந்துவிட்டு வரும் நேரத்துக்குள் வாரத்துத் தப்புகளைத் துடைத்து வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூஜ்ஜியம் வரும். அவர் முகம் தெளிந்தது. வாயில் வார்த்தைகூடக் கொஞ்சம் தாராளமாக வந்தது. ஒரு நாள் மகளிடம் போனில் இதைச் சொன்னாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“எப்படித் தெரியும்?”

“அம்மா, அவரு ஆடிட்டர்ம்மா.”

“போடி. இருக்கற கொஞ்ச சந்தோஷத்தையும் கெடுக்காத.”

கெட்டது டீச்சரால். பாவம், அவள் நல்ல எண்ணத்தில்தான் வந்தாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணே, பழையபடி நீங்களே பாக்கறீங்கன்னு அண்ணி சொன்னாங்க. எனக்குத் தொடக்க இருப்பு இடிக்குது, கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்றாள். அவர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்த உட்காரலைப் பார்க்கவேண்டும். முன்பெல்லாம் அது அவருக்கு விளையாட்டு வேலை. இப்போது எங்கேயோ எதையோ அழுத்த, டீச்சர் முடித்து வைத்திருந்த மாதங்களின் டிக் அத்தனையும் ஒன்றுவிடாமல் மறைந்துபோயின.

“பரவால்லண்ணே, பரவால்ல. நான் மறுபடி போட்டுக்கறேன். ஒண்ணும் பெரிய வேலை இல்ல” என்று டீச்சர் அவசரமாக மூடி எடுத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளை கீழே போட்டு உடைத்துவிட்டால் சொல்வோமே, அந்தக் குரல். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். அடுத்தவர் கணக்கில் தடுமாறுகிற கை, தன் கணக்கில் மட்டும் எப்படித் தப்பாமல் போகிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூஜ்ஜியம் வந்தது. அவர் குரல் கொடுக்கவில்லை. அவளாகவே எட்டிப் பார்க்க வந்தாள். அவர் திரையைக் கையால் அவள் பக்கம் திருப்பி, பால் செலவு வரியின் மேல் விரலை வைத்தார்.

“இது... நான்... தப்பு. வேணும்னே.”

வேண்டுமென்றே தப்பாக ஏற்றி வைத்திருக்கிறார். அது இப்போது சரியாக இருக்கிறது. 

“நானா... ஒருவேளை அதுவே...” என்று ஆரம்பித்தவள், அவர் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டரை அணைத்தார். தலையணை உறை ஒன்றை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். அப்புறம் பேச்சு இல்லை. பேச்சு வராத மனிதர்தான். ஆனால் வார்த்தை வராமல் வாய் மூடியிருப்பதும், வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு மூடியிருப்பதும் அவளுக்கா தெரியாது? சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். சட்டைப் பொத்தானை மட்டும் அவளைப் போடவிடவில்லை. ஒற்றைக் கையால், சில சமயம் காலைப் பொழுது முழுக்க, அவரே போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் கடையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் நின்று வெடித்தாள்.

“நான் என்ன பண்ணட்டும்? நீங்க தோத்துப்போய் சுவரைப் பாத்துப் படுத்துக்கறதை ஒவ்வொரு வாரமும் பாத்துட்டு நிக்கச் சொல்றீங்களா? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க. வேற என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்றேன்.”

அழுகை வந்து மிச்சத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். வார்த்தையைத் தேடித் தேடி நெற்றி நரம்பு புடைத்தது.

“என்... தப்பு” என்றார். நெஞ்சில் தட்டிக் காட்டினார். “எனக்கு... வேணும். விடு.”

விட்டாள். உறையை அவரே எடுத்தார். அதற்குப் பிறகு அவள் அந்த விசைப்பலகையைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூஜ்ஜியம் வருவது நின்றது. ஒரு மாதக் கணக்கிலேயே வாரக்கணக்கில் கிடந்தார். இருநூற்றுச் சொச்சம் இடித்தது. எப்படியோ தடவித் தடவி, ஒரு பட்டையான அட்டையை வரிக்கு வரி நகர்த்தி, மற்றதை மறைத்துக்கொண்டு, ஒரே எண்ணை இலக்கம் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு தப்பாகப் பிடித்தார். ஒன்று பிடிபடும்போது “ஹா” என்பார். அந்தச் சத்தம் சமையலறைக்குக் கேட்கும். இப்போதெல்லாம் அவள் கூப்பிடாமல் வருவதில்லை. அவரும் கூப்பிடுவதில்லை. ஆனால் காபி கொண்டுபோய் வைக்கும்போது அவள் கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விடுவார்.

வித்தியாசம் ஒன்பதுக்கு இறங்கியது.

“கிட்ட” என்றார் அன்றைக்கு. “கிட்ட... வந்துட்டேன்.”

அவள் காபியை வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்ததற்குள் கண் பார்த்துவிட்டது. ரொட்டிக் கடை வரி. பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தொன்று. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். இன்னும் இரண்டு வாரத்தில் அவரே பிடித்துவிடுவார். பிடிக்கட்டும், அந்த “ஹா”வை அவரே போடட்டும் என்று இருந்தாள்.

அந்த இரண்டு வாரத்தை அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. காலையில் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் கட்டிலில் சாய்ந்தார். இந்த முறை ஆஸ்பத்திரிவரை போகவேண்டியிருக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், மகள் மட்டும் தங்கினாள். வங்கியில் கணக்கை மூடவேண்டும் என்று காகிதங்களைத் தேடிக்கொண்டிருந்தவள் கம்ப்யூட்டரையும் திறந்தாள்.

“அம்மா, கடைசி மாசம் முடிக்காம நிக்குது. ஒன்பது இடிக்குது. சரிக்கட்டுன்னு ஒரு பொத்தான் இருக்கு. அழுத்தினா அதுவே ஒரு வரி போட்டு முடிச்சிடும்.”

“வேண்டாம்.”

“அப்ப தேடிப் பாக்கட்டுமா?”

“தேட வேண்டாம். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

மகள் திரும்பிப் பார்த்தாள்.

“அவரு இருந்தப்பவே தெரியும். சொல்லலை” என்றாள் அவள். “சொல்லாதன்னு அவருதான் சொன்னாரு. நான் கேட்டேன். முத தடவையா அவர் சொன்னதை அப்படியே கேட்டேன்டி. கேக்காம இருந்திருக்கலாம். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, பூஜ்ஜியத்தைப் பாத்துட்டுப் போயிருப்பாரு.”

“இல்லம்மா. நீ பண்ணதுதாம்மா சரி.”

“சரியா இருந்து என்ன?”

மகள் எழுந்து வந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரை மங்கி, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது.

வங்கிக் கணக்கை மூடினார்கள். மகள் ஊருக்குப் போகும்போது, தனியாக இருக்கவேண்டாம், தன்னோடு வந்துவிடு என்று அம்மாவிடம் கெஞ்சினாள். அம்மா போகவில்லை. கடையில் விடுப்பு முடிந்து வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைதான் பாடாய்ப் படுத்தியது. காபி போட்டதும் கால் தானாக அந்த அறைக்குப் போகிறது. கடைக்காரரிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். கூடுதல் கூலி வேண்டாம் என்றும் சொன்னாள். கடைக்காரர் காரணம் கேட்கவில்லை. அந்த நாளில் கூட்டம் அதிகம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு மூக்காகப் பார்த்து, ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடுகிறது.