மீனம்மா வீட்டுச் சுவர்

ஷெரோமிக்கு மைக்கலைக் கண்டால் வயிறெரியும். இருபது வருடமாக எரிகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. இவளோ தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் துயரத்தைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவள். அட்டை கடித்த கால்கள், மண்சரிவில் புதைந்த வீடு, கூடாரத்துக்குள் பிள்ளை பெற்ற தாய் என்று இவள் எடுத்தவை கொழும்பிலும் ஐரோப்பாவிலும் கண்காட்சிக்குப் போயின. மைக்கலோ ஹட்டன் டவுனில் ஸ்டூடியோ வைத்து அடையாள அட்டைக்குப் படமெடுப்பவன். சடங்கு, கல்யாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இல்லாத நகையைக் கம்ப்யூட்டரில் பூட்டிவிட்டு, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் ஓடவிடுவான்.

இருவரும் றொசல்லவுக்குப் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்தவர்கள். "எல்லாம் பொய்" என்று ஷெரோமி பொருமுவாள். ஆனால் தொழிலாளர்கள் வரிசையாய்க் குடியிருக்கும் எந்த லயத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் மைக்கல் எடுத்த படம்தான் தொங்கும். இவளுடையது ஒரு வீட்டிலும் இல்லை, பிறந்த லயத்தில்கூட இல்லை. அத்தனை பரிசு வாங்கியும் இதை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவள் பிறந்த அந்த லயம் தீப்பிடித்தது. செய்தி கேட்டு ஷெரோமி கொழும்பிலிருந்து ஓடி வந்தாள். பன்னிரண்டு வீடும் சாம்பல். இன்னும் புகை அடங்கவில்லை. எரிந்த வீட்டுக்கு முன்னால், கொழுந்தெடுக்கும் மீனம்மா தலைவிரி கோலமாக, மார்போடு ஒரு படத்தை அணைத்துக்கொண்டு நின்றாள். நகையை விட்டுவிட்டு, செத்துப்போன புருஷன் கந்தப்பனின் படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். அதில் கந்தப்பன் கோட்டும் டையுமாக இருந்தார். ஆயுசில் அவர் கோட்டுப் போட்டதில்லை. அது மைக்கல் போட்டுவிட்டது.

ஷெரோமி அந்தக் காட்சியை அப்படியே படமெடுத்தாள். அந்தப் படத்துக்குத்தான் பெரிய பரிசு கிடைத்தது. மேடையில் நிற்கும்போதுகூட, கைதட்டலில் பாதி அந்தக் கோட்டுக்குப் போகிறதோ என்று அவளுக்குக் கடுப்பாக இருந்தது.

தீக்குப் பிறகு தற்காலிகக் கேம்பில் இருந்த மீனம்மாவுக்குப் போன மாதம் புது வீடு கிடைத்தது. இந்த முறை விடக்கூடாது என்று ஷெரோமி முடிவு கட்டினாள். பரிசுப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, தேக்குச் சட்டம் போட்டு, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனாள். ஒரே ஒரு சுவர், அதில் தன் படம் ஒன்று. அவள் கேட்டது அவ்வளவுதான்.

படத்தைக் கண்டதும் மீனம்மாவுக்குக் கண்ணீர் கொட்டியது. ஷெரோமிக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

"ஆத்தாடி, இவரு இங்கயா இருக்காரு! கேம்புல மழைத்தண்ணி பூந்து அந்தப் படம் ஊறிப் போச்சு புள்ள. மைக்கல் தம்பிகிட்ட கேட்டா, கம்ப்யூட்டர் பழுதாகி பழசெல்லாம் அழிஞ்சிருச்சுன்னாரு. இவரு மொகமே மறந்துருமோன்னு பயந்து கெடந்தேன்."

"அதான் கொண்டாந்துட்டேனே பெரியம்மா. இத அப்படியே மாட்டிருவோங்க."

"ஐயோ, நான் பேய் மாதிரியில்ல நிக்கிறேன், தலகூட சீவல. எரிஞ்ச வீட்ட யாராவது புது வீட்டுல மாட்டுவாங்களா? இவர மட்டும் வெட்டி எடுத்துத் தாறியா புள்ள?"

முடியாது என்ற வார்த்தை ஷெரோமியின் நாக்கு வரை வந்துவிட்டது. மீனம்மா சேலைத் தலைப்பால் படத்திலிருந்த கந்தப்பனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சரிங்க பெரியம்மா" என்றாள் ஷெரோமி.

அச்சடிக்க மைக்கலிடம்தான் போகவேண்டியிருந்தது. அவனுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ஷெரோமி கம்ப்யூட்டரில் தன் படத்தைத் தானே வெட்டினாள். முதலில் எரிந்த கூரை போனது. பிறகு புகை, பிறகு மீனம்மாவின் முகம், கடைசியாக அவளுடைய விரல்கள். கந்தப்பனும் கோட்டும் மிஞ்சினார்கள். கோட்டின் ஓரத்தில் 'மைக்கல் ஸ்டூடியோ' என்ற பொடி எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அத்தனை புகையிலும் அவற்றைத் தெளிவாகப் பிடித்தது அவளுடைய கமராதான். கை குறுகுறுத்தது. அதையும் வெட்டலாம், ஆனால் கந்தப்பனின் தோளும் கூடவே போகும். விட்டுவிட்டாள்.

"நான் எடுத்தத விட நல்லா இருக்கு ஷெரோமி. ஒன் பேரையும் கீழ போட்டுருவோமா?" என்றான் மைக்கல், பிளேன்டித் தேநீரை நீட்டியபடி. மனதாரத்தான் கேட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"வேணாம்."

அதே தேக்குச் சட்டத்துக்குள் கந்தப்பன் ஏறினார். ஆணி அடித்ததும் ஷெரோமிதான். அவளுடைய பெரிய படம் சுருட்டப்பட்டு அலுமாரிக்கு மேலே போனது. மீனம்மா பூ வைத்துக் கும்பிட்டாள். பக்கத்து வீட்டு ஜெயந்தினி எட்டிப் பார்த்தாள்.

"மாமா உசுரோட நிக்கிற மாதிரி இருக்காரே! யாரு எடுத்தது அத்த?"

"நம்ம மைக்கல் தம்பிதான். ஓரத்துல பேரு போட்டிருக்கு பாரு."

ஜெயந்தினி கிட்டப் போய் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, சரிதானா என்பதுபோல் ஷெரோமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க, அவருதான் எடுத்தாரு" என்று சொல்லிவிட்டு, ஷெரோமி சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தாள்.