அப்பா வளர்த்த நொண்டிச் சேவல்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் தெங்கேராவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்துப்போய்க் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, அப்பாவின் வீங்கிய முட்டிகளைப் பார்த்து, "இது உங்க பரம்பரையில உள்ளதா? பொண்ணுக்கும் வருமா?" என்று கேட்டுவிட்டார். தாத்தாவுக்கும் முடக்குவாதம் இருந்தது. பொய் சொல்ல வராத அப்பா, "விசாரிச்சுச் சொல்றேங்க" என்றார்.

யாரிடம் விசாரிப்பது? அப்பா ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் முயல்களுக்குத் தீனி வைப்பவர். பரம்பரை வியாதியை அறிய மிருகங்களை வளர்த்துப் பார்ப்பார்கள் என்று டாக்டர்கள் பேசிக் கேட்டிருக்கிறார். பசாரிலிருந்து முட்டி வீங்கிய சேவல் ஒன்றை வாங்கிவந்தார். அதன் தகப்பனும் நொண்டிதான் என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். திடமான பெட்டை ஒன்றை அதற்கு ஜோடி சேர்த்தார். எனக்கு முன்னால் அதற்குக் கல்யாணம் நடந்ததில் எனக்கு ஏகக் கடுப்பு.

"குஞ்சு பொரிச்சு அது நடக்கறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சிடும்," என்றாள் அம்மா.

குஞ்சுகள் பொரிந்து வளர்ந்தன. காலையில் அப்பா அவற்றை ஓடவிட்டுப் பார்ப்பார். ஒன்றுகூட நொண்டவில்லை. வாயெல்லாம் பல்லாகச் சட்டையை மாட்டிக்கொண்டு தெங்கேராவுக்குக் கிளம்பினார்.

அப்போது பக்கத்துச் செட்டி வீட்டு அம்மா வேலியோரம் வந்தார். தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது. குஞ்சுகளைக் காட்டி, எல்லாம் தன் சேவலை உரித்துவைத்திருக்கின்றன என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அவருடைய சேவலுக்குக் கழுத்தில் ஓர் இறகு கிடையாது. எங்கள் நொண்டிக்குக் கழுத்து நிறைய இறகு, குஞ்சுகளுக்கோ கிடையாது. கால்களையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா கழுத்தைக் கவனிக்கவே இல்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா முட்டியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைக்கு இதையா குடுத்துட்டேன்," என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பாவை நீங்கதான் தூக்கி நாற்காலியில உக்கார வச்சீங்க. அதைப் பாத்துட்டு எங்கப்பா வேணாம்னாரு. இப்படித் தாங்குறவருதான் வேணும்னு நான் சொன்னேன். போயி உள்ளதைச் சொல்லுங்க."

தாத்தாவுக்கும் இருந்தது, பெண்ணுக்கு வரலாம், வராமலும் போகலாம் என்று அப்பா போய்ச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா யோசித்துவிட்டு, நாள் பார்க்கச் சொன்னாராம். இதை எங்களிடம் சொல்வதற்கு முன், திரும்பி வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டார்: "உங்கப்பா வேணாம்னாரா?"