பம்பாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம்

பம்பாய் ரோட்டை அகலமாக்கியதால் வழியில் இருக்கிற ஊரெல்லாம் முன்னுக்கு வந்துவிட்டது என்று ஔந்தில் இருக்கும் என் மகன் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ரோடு எனக்குச் செய்ததை நான்தானே அறிவேன்.

அப்போது எங்கள் வீடு மராட்டிய தேசத்துப் பட்டாள ஊரான கட்கியில், ரோட்டுக்கு இந்தப் பக்கம். அப்பாவுக்குத் தோட்டா ஃபாக்டரியில் வேலை. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். இரண்டாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் ரோட்டைத் தாண்டும்போது சிலேட்டு கைநழுவி விழுந்தது. பம்பாய்க்குப் போகிற லாரி ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உடைந்த சில்லோடு வீட்டுக்குப் போனேன்.

"படிச்சது போதும்டி. லாரிக்காரனுக்குக் கண்ணா தெரியுது? பொட்டப்புள்ளைக்குக் கையி காலு போச்சின்னா எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா. அப்பா சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். அழுதேன், சோறு வேண்டாம் என்றேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மறு வருஷம் தம்பியை அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்து, வாசல்வரை அவனை விட்டுவருவது என் வேலை.

சும்மா சொல்லக்கூடாது, அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. நடுரோட்டில் நின்று கையைத் தூக்கினால் லாரி நின்றாக வேண்டும். "ஏ போரி, மராய்ச்சய் கா?" சாகவேண்டுமா என்று டிரைவர் மராட்டியில் திட்டுவான். "செத்தாலும் உன் ஓட்டை லாரிலயா சாவேன், போய்யா" என்று தமிழில் திருப்பிக் கொடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் பையன்களை என்னோடு அனுப்பத் தொடங்கினார்கள். "மிலிட்டரி போலீசு தோத்தான் இவகிட்ட" என்றாள் எதிர்வீட்டு அத்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் பையன்களை உள்ளே அனுப்பிவிட்டு, அவர்கள் ராகம் போட்டுச் சொல்லும் வாய்ப்பாட்டைக் கேட்டபடி பள்ளிக்கூட வாசலிலேயே நின்றிருந்தேன். வாத்தியார் வெளியே வந்தார்.

"நீ ஏம்மா படிக்க வர்றதில்ல?"

என்ன கேள்வி இது என்று எனக்குக் கோபம். "எப்படி சார் வருவேன்? நடுவுல பம்பாய் ரோடு இருக்குதே. லாரி வரும், எங்கம்மா விடாது."

அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் படியில் நின்றிருந்த என் கால்களைப் பார்த்தார்.

படித்த மனுஷனுக்கு இதுகூட விளங்கவில்லையே என்று சலித்துக்கொண்டு, கையைத் தூக்கி ஒரு லாரியை நிறுத்திவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தேன்.