வெற்றுக் காமிராவும் ஒரே ஒரு பிளேட்டும்

1. பிலிம் இல்லாத மாலைகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஸ்டுடியோ முதலாளி கரீம் பாய் ஒரு கைக் காமிராவைக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே பிலிம் இல்லை.

"சண்ட நடக்குது நைனா. பிலிமும் கெடைக்கல, படம் புடிக்கிற கண்ணாடி பிளேட்டும் கெடைக்கல. கத்துக்கறதுக்கு அதெல்லாம் எதுக்கு? தெனம் சாயந்திரம் ஒரே ஒரு தபா அமுக்கு. இன்னா வெளிச்சம், எத்தினி செகண்டு தொறந்து வச்சேன்னு வந்து சொல்லு."

யுத்த காலம். மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு மாடியில் ஸ்டுடியோ. நாற்காலி மூன்று, திரை இரண்டு, ஆள் இருவர். எண்ணுவது என் வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் சாந்தோம் கடற்கரைக்கு நடப்பேன். ஒன்றுதான் என்பதால் அமுக்க மனம் வராது. கொடியில் காயும் புடவை காற்றில் உப்பும்; வேண்டாம் என்று விடுவேன். அலை வடிந்த ஈர மணலில் ஒரு மீனவர், தன் பிம்பத்தின் மேலேயே நின்றுகொண்டிருப்பார். அப்போதுதான் விரல் அசையும். எங்கும் பதியாத அந்தப் படங்கள் தூக்கத்தில் வரும். கயிற்றில் வரிசையாகத் தொங்கி நீர் சொட்டும்.

"அந்த மீனவருக்கு ஒரு செகண்டு வச்சேன் பாய்."

"ஒரு செகண்டா? அதுக்குள்ள அவன் ஊட்டுக்குப் போய் சோறு துன்னுருப்பான்."

2. டீச்சரும் மகனும்

ஒரு நாள் மதியம் சவரி என்ற சிப்பாய் தாயோடு வந்தான். அவனுக்கு லீவு முடிந்திருந்தது. மறுநாள் காலை ரயில். கூடவே எடுத்துப்போக, அம்மாவோடு நிற்கும் படம் வேண்டுமாம். தாய் ஞானம்மா, மாதா கோயில் பள்ளியில் டீச்சர். கடையில் மிச்சம் இருந்தது ஒரே பிளேட். பாய்க்குக் குளிர்காய்ச்சல். கம்பளிக்குள் இருந்தபடி சொன்னார்: "நீயே எடு. கெடுத்தேன்னா, நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

பிளேட்டைச் சட்டத்தில் வைத்துப் பெரிய காமிராவில் பொருத்தினேன். டீச்சர் மரம்போல் நின்றார்.

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரலம்மா. கொஞ்சம் சிரி."

"நீ மொதல்ல நேரா நில்லுடா."

ஷட்டரைத் திறக்கும் ரப்பர் பந்தை அமுக்கினேன். டிக். "ஆச்சு டீச்சர்."

பிறகுதான் பார்த்தேன். பிளேட்டை மறைக்கும் முன்மூடி அப்படியே இருந்தது. அதை உருவினால்தான் வெளிச்சம் உள்ளே போகும். தினமும் வெற்றுக் காமிராவை அமுக்கிப் பழகிய கை, உருவ மறந்துவிட்டது.

டீச்சரோ பெருமூச்சு விட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பித்தான யாரு தச்சா?"

"நான்தாம்மா."

"அதான பாத்தேன். தொங்கிக்கினு கீது."

பித்தானைப் பிடித்த கையை எடுக்காமல் அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். அவன் குனிந்து பார்த்தான். கண்ணாடிக் கூரைக்கு மேல் மேகம். ஒரு செகண்டு தேவை, அசைந்தால் போயிற்று. அசைய மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. மூடியை உருவினேன். அமுக்கினேன்.

மறுநாள் விடிந்ததும் சவரி வந்தான். ஓரம் காயாத படத்தைப் பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேருமே காமிராவப் பாக்கலியே. இதக் குடுத்தா நம்ம கடைப் பேரு இன்னாவறது?"

சவரி அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினான். "வூட்ல எங்கம்மா இப்படித்தான் இருப்பாங்க பாய்." சட்டைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். பாய் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். என்னைப் போ என்று சொல்லவில்லை.

இப்போது நீங்கள் ஒரு நிமிடத்தில் முப்பது படம் எடுக்கிறீர்கள், எண்ணியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். படம் முடிந்தது என்று நம்பிய பிறகுதான் மனிதர்களுக்குத் தங்கள் முகம் திரும்பி வருகிறது. அன்றிலிருந்து தொழிலை விடும் வரை முதல் தடவை மூடியோடுதான் அமுக்கினேன். வந்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் உருவ மறந்துவிடுவேனோ என்ற பயம் மட்டும் கடைசி நாள் வரை போகவில்லை.