நாற்பத்திரண்டில் பதினேழு போனால்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பொறு டீச்சர்'. ஒருவர் பதிலுக்குத் தடுமாறும்போது இன்னொருவர் முந்திக்கொண்டால், "பொறு" என்பார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். சாப்பாடு கேட்டால்கூட பொறு என்கிறாள் என்று தையல்காரக் கணவர் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பலகையில் எழுதியவர்தான் அதை அழிக்க வேண்டும். தப்பாக இருந்தாலும் அடுத்தவர் கை வைக்கக் கூடாது. பிள்ளைகளே கூடிப் பேசிப் போட்ட சட்டம்.

தபால்காரர் மகள் ஆறு மாதமாகப் பலகைப் பக்கமே வராதவள். திங்கட்கிழமை தானாக எழுந்து வந்தாள். நாற்பத்திரண்டில் பதினேழைக் கழித்து, முப்பத்தைந்து என்று எழுதினாள். பதினேழில் இருந்த ஏழு, சாய்ந்த கம்பம் மாதிரி நின்றது. மறுநாளிலிருந்து காய்ச்சல். கணக்கு மட்டும் பலகையில் காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "கல்வி அதிகாரி வர்ற நேரம். தப்புக் கணக்கைக் கண்காட்சிக்கு வச்சிருக்கீங்களா?"

அவர் நகர்ந்ததும் டீச்சரின் கை துணியை எடுத்துத் துடைத்துவிட்டது. திரும்பினால் வாசலில் முன்பல் விழுந்த சிறுமி, பை தோளில் தொங்க.

"டீச்சர், அது அவளோடது."

டீச்சருக்கு முகம் சுருங்கியது. தபால்காரர் மகள் வந்து வெறும் பலகையைப் பார்த்தால், இனி எழுந்து வருவாளா? எல்லோரும் உட்கார்ந்ததும் சொன்னார்: "நான்தான் அழிச்சேன். பயந்துட்டேன். தப்புதான். இப்ப என்ன செய்யலாம்?"



"நாமளே திரும்ப எழுதிடலாம்," என்றான் எப்போதும் பென்சில் கடிக்கிற ஒரு பையன்.

பல் விழுந்தவள் எழுதினாள். கை பழக்கத்தில் இருபத்தைந்து என்று விழுந்தது.

"ஏய், அது சரியான விடை. ஒழுங்கா தப்பா போடு."

"ஏழு இன்னும் சாயணும்."

"இதுக்கு மேல சாஞ்சா விழுந்துடும்டா."

வாசலில் அதிகாரி. "என்ன நடக்குது இங்க?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பல் விழுந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "பொறுங்க சார்."

அதிகாரி பொறுத்தார். ஏழு சாய்ந்து முடிந்ததும் பலகையைப் பார்த்தார். "விடை தப்பாச்சே?"

"எங்களுக்குத் தெரியும் சார். அவளுக்குத் தெரியணும்ல."

எவளுக்கு என்று அவர் கேட்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினாரோ.

திங்கட்கிழமை தபால்காரர் மகள் வந்தாள். காதை மூடிக் கட்டிய துணியை அவிழ்க்காமலே பலகைக்கு முன்னால் நின்றாள்.

"இது என் ஏழு இல்லையே."

"இல்லைதான். உன் கணக்கை நான் அழிச்சுட்டேன்மா. இவங்க ஞாபகத்துல எழுதி வச்சாங்க."

அவள் திரும்பி எல்லோரையும் பார்த்தாள். பிறகு கணக்கை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின, விரிந்தன. பென்சில் கடிக்கிறவன் வாயைத் திறந்தான், தானே மூடிக்கொண்டான். டீச்சர் அசையவில்லை.

அவள் விரல் நுனியால் மூன்றை மட்டும் தேய்த்துவிட்டு இரண்டு போட்டாள்.

அப்புறம் ஏழையும் அழித்து, தன் ஏழை எழுதினாள்.