ருக்குமணியம்மாளின் ஞானஸ்நானப் பெயர்

கோயில் ஆபீஸில் எழுத்தர் வேலை என்பது, முகம் தெரியாதவர்களின் கையெழுத்தோடு குடித்தனம் நடத்துகிற வேலை. விருத்தாசலத்தில் எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிய சின்ன அறையில் பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று வகைப் பதிவேடுகள். பழையவை எல்லாம் லத்தீனில் இருக்கும். அட்டையைத் தொட்டால் விரலோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஏதோ ஒரு பழைய காகிதத்துக்காக ஏதோ ஓர் ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தேடுகிறவளுக்குக் கால் மட்டும்தான் வலிக்காது, மற்றதெல்லாம் வலிக்கும். உங்களிடம் சொன்னால்தான் இது புரியும்.

கொஞ்சம் தப்பாகப் படிக்கச் சொன்னவர்

செராமிக் யூனிட் ஒன்றில் சூளை வேலை பார்ப்பவர் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தார். பார்த்து எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவரின் முகம் சுண்டிவிட்டது. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாராம். புத்தகத்தில் இருக்கும் பிறந்த தேதியோ இந்த வருஷமே என்கிறது. “பதிவேட்டில் இருப்பதை மாற்ற எனக்கு உரிமை இல்லைங்க, ஃபாதருக்கும் இல்லை” என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“புஸ்தகத்துல இருக்கறத மாத்த வேணாம்மா. நீங்க படிக்கறப்ப கொஞ்சம் தப்பாப் படிங்க, அது போதும்.”

குண்டான் விழுந்தபோது வந்த வார்த்தை

இனிச் சொல்லப்போவதெல்லாம் ஒரே குடும்பத்தைப் பற்றியது. கஸ்தூரிக்கு ஐம்பது வயதிருக்கும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். கூட வேலை செய்யும் சகாயமேரி எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவள். கஸ்தூரி வீட்டுக் காதுகுத்துக்கு அவள் போயிருந்தபோது சமையல் பக்கம் ஒரு குண்டான் டமாரென்று விழுந்திருக்கிறது. கஸ்தூரியின் அம்மா ருக்குமணி திடுக்கிட்டு, “சேசு மரி சூசையே!” என்றிருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு, வாயில் கத்தோலிக்கர்கள் சொல்லும் இந்த வார்த்தை. அந்த வீட்டில் யாருக்கும் அது புதிதில்லை. அம்மா பயந்தால் அப்படித்தான் சொல்வார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. சகாயமேரி கேட்டாள்.

அடுத்த வாரமே மூவரும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ருக்குமணியம்மாளுக்கு எழுபத்தைந்து வயது இருக்கலாம். ஐந்து வயது வாக்கில் விருத்தாசலம் ஜங்ஷனில் கூட்டத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது; பிறகு அந்தக் கை இல்லை. பிள்ளை இல்லாத ஒரு விவசாயத் தம்பதி அழுதுகொண்டிருந்த குழந்தையைக் கண்டிருக்கிறார்கள். யாராவது தேடி வருவார்கள் என்று பல மாதங்கள் வாராவாரம் அவளை ஜங்ஷனுக்குக் கூட்டிவந்து நின்றிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. அவர்களே ருக்குமணி என்று பெயர் வைத்து வளர்த்து, நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். பழைய வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்தது இடுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பியும் சின்னப்பன் என்ற அவன் பெயரும் மட்டும்தான். “உங்கள் பெயர் என்னவென்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்மா” என்றேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

“பேரு கூட வேணாம்மா. என்னை விட்டுட்டுப் போனாங்களா, தொலைச்சுட்டுத் தேடுனாங்களா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

இல்லாத சின்னப்பன்

ஃபாதரிடம் அனுமதி வாங்கிப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை இறக்கினேன். எழுதிய அந்தக் காலத்துப் பங்குச் சாமியாருக்குப் பேனா மை எப்போதும் தீரப்போகிற நிலையிலேயே இருந்திருக்க வேண்டும். பாதி எழுத்து கண்ணில் படாது. மூன்று நாள், ஆறேழு வருஷத்துப் பக்கங்கள், ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு சின்னப்பன்கூட இல்லை. கஸ்தூரி தினமும் மதிய இடைவேளையில் போன் செய்வார். நான்காம் நாள் போன் அடித்தபோது எடுக்கவே கூச்சமாக இருந்தது. வேறு பங்காக இருக்கலாம், அந்தக் குடும்பமே வெளியூரிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லி வைத்தேன். சொல்லிவிட்டுச் சாப்பிடவும் பிடிக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் பழைய உபதேசியார் அருளப்பன் ஐயா பேப்பர் படிக்க ஆபீஸுக்கு வந்தார். சாமியாருக்கு உதவியாக ஊர் ஊராகப் போய் ஞாயிற்றுக்கிழமை ஜெபங்கள் சொல்லிக்கொடுத்தவர். நான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சின்னப்பன்னு தேடுனா எப்புடிம்மா கெடைப்பான்? லத்தீன்ல அவன் பவுலு ஆச்சே! என்னையே பாருங்க, வூட்ல அருளப்பன், புஸ்தகத்துல யோவான்.”

ஐந்து பவுல்கள்

மறுபடி முதல் பக்கத்திலிருந்து. இப்போது ஐந்து பவுல்கள் கிடைத்தார்கள். ஒவ்வொரு பதிவிலும் தாய் தகப்பன் பெயர் இருக்கும். அதே தாய் தகப்பனுக்கு மூன்று நான்கு வருஷம் முன்னால் ஒரு பெண் பிறந்திருக்கிறாளா என்று தேடினேன். இரண்டு பவுல்களுக்குத்தான் அக்கா இருந்தாள். எங்கள் வழக்கத்தில் ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும், ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குக் கடிதம் வரும். அதை அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் குறிப்போம். முதல் அக்காவின் ஓரத்தில் கல்யாணக் குறிப்பு இருந்தது. இரண்டாவது அக்காவின் ஓரம் வெறுமையாக இருந்தது. அடக்கப் பதிவேட்டிலும் அவள் இல்லை. தகப்பன் சவரிமுத்து, தாய் ஞானம்மாள், குழந்தை லூசியா. ஒரு புத்தகத்தில் வந்தவள் வேறு எந்தப் புத்தகத்திலும் வரவில்லை.

அன்று மாலை கஸ்தூரி வீடு திரும்பியதும் போன் செய்து, அவர் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். “லூசியா” என்றேன். அந்தப் பக்கம் அழுகையோ சத்தமோ வரும் என்று காத்திருந்தேன். ருக்குமணியம்மாளோ, எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதே என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா, வேற யாரையோ கூப்புடுற மாதிரி இருக்குது.”

பூசைக் கருத்து நோட்டு

பெயர் கிடைத்ததே தவிர அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஃபாதரிடம் சொன்னபோது, “பிள்ளையைத் தொலைத்தவர்கள் கோயிலுக்கு வந்து பூசைக் கருத்து கொடுத்திருப்பார்களே, அந்த நோட்டுகளைப் பார்த்தீர்களா?” என்றார். இன்னாருக்காக இந்தப் பூசை என்று மக்கள் சொல்வதை எழுதி வைக்கிற நோட்டுகள் அவை. பீரோவின் அடித்தட்டில் கயிறு கட்டிக் கிடந்தன. நல்லவேளை, தமிழில்தான் இருந்தன.

இரண்டாவது கட்டிலேயே கண்ணில் பட்டது. ‘சவரிமுத்து. ரயிலடியில் காணாமற்போன மகள் லூசியா கிடைக்க வேண்டி.’ அடுத்த வருஷமும் அதே. அதற்கடுத்த வருஷமும் அதே. எழுதுகிற கை மாறுகிறது, வேண்டுதல் மாறவில்லை. பல வருஷம் தாண்டி ஓர் இடத்தில்தான் வாசகம் மாறியிருந்தது: ‘மகள் லூசியா எங்கிருந்தாலும் சுகமாயிருக்க வேண்டி.’ அதன் பிறகு கடைசி வரைக்கும் அப்படியேதான்.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. வரச் சொன்னேன். ருக்குமணியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் நான் படிக்க, அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டார். கடைசி வாசகத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கஸ்தூரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா மட்டும் நோட்டைப் பார்த்தபடி, எதிரில் ஆள் இருப்பதுபோலப் பேசினார்.

“நான் சுகமாத்தான்ப்பா இருந்தேன். நல்ல வூட்லதான் இருந்தேன்.”

சுண்டுவிரல்

தம்பி பவுலின் ஓரத்தில் குறிப்பு இருந்தது. திட்டக்குடி பக்கத்துப் பங்கு ஒன்றில் கல்யாணம். அங்கே என்னைப் போல் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் பேசினேன். “எங்க சின்னப்பன் ஐயாவா? நேத்துகூடப் பூசைக்கு வந்தாரே” என்று நம்பர் கொடுத்தார். போன் செய்தால் ஐயா நம்பவில்லை. இந்தக் காலத்தில் போனில் யார் வேண்டுமானாலும் அக்கா என்று சொல்லலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஞாபகம் ஏதாவது இருக்கிறதா என்று ருக்குமணியம்மாளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். தகப்பனாரின் முகம் நினைவில்லை, ஆனால் அவருடைய இடது கைச் சுண்டுவிரல் பாதிதான், அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன் என்றிருந்தார். அதைச் சொன்னேன். அதற்கு மேல் சின்னப்பன் ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“விருத்தாசலத்துல எறங்கி எந்தப் பக்கம் வரணும், சொல்லுங்க.”

அக்காவும் தம்பியும்

இரண்டு நாள் கழித்துக் காலைப் பூசை முடிந்து ஆபீஸ் திறந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். சற்று நேரத்தில் கஸ்தூரி அம்மாவோடு வந்தார். சினிமாவில் வருவதுபோல் யாரும் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டீ வாங்கிவரச் சொன்னேன். டீ ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் ஐயா பேச ஆரம்பித்தார். பிள்ளை கூட்டத்தோடு ரயிலில் ஏறியிருக்கும் என்று எண்ணி, அப்பா திருச்சி வரை ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேடினாராம். ஏறாமல் நின்றுவிட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. “நீ பஸ்ஸுல போற தூரத்துலயே இருந்திருக்கியேக்கா” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். ருக்குமணியம்மாள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவி, “பஸ்ஸு ஏறுனா வந்துரலாம், அவ்ளோதானே, இனிமே வா” என்றார்.

அதன் பிறகு இருவரும் நிறுத்தவே இல்லை. அம்மா எப்படி இருப்பார், யாருக்கு யார் ஜாடை, எத்தனை பேரப்பிள்ளை. பொங்கலுக்கு அவர்கள் இங்கே, கிறிஸ்மஸுக்கு இவர்கள் அங்கே என்று கஸ்தூரி காலண்டரைப் பார்த்து முடிவே செய்துவிட்டார். கிளம்பும்போது சின்னப்பன் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இத்தினி வருஷமா நான்தான் மூத்தவன்னு வூட்டுப் பஞ்சாயத்தெல்லாம் என் தலையில கட்டிட்டாங்க. இனிமே நீ பாத்துக்கக்கா.”

யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி வைத்ததை இன்னொருவர் பொறுமையாகப் படித்தால் குடும்பப் புதிரில் பாதி தீர்ந்துவிடும், மீதிப் பாதி தானே பஸ் ஏறி வந்து ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போகும் என்பதுதான் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் கண்டது.