அவன் பங்கு வெல்லம்

எழுபதுகளின் தொடக்கத்தில் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தது. சாம்பலையும் வெடித்துச் சிதறிய ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் அள்ளிக் கொட்ட ஒரு லாரி பிடித்தார்கள். ஓட்டியவன் நான். அள்ளிப் போட எருமப்பட்டிக்காரன் ஒருவன், என் வயதுதான். பதினைந்து நாள் வேலை. மூக்கில் ஆளுக்கொரு துண்டு.

சாயங்காலமானால் கிடங்குக்காரர் வெல்லக்கட்டியும் வாழைப்பழமும் கொடுப்பார். நெஞ்சில் சேர்ந்த தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆட்களும் அப்படித்தான் தின்றார்கள். நான் தின்னிப்பண்டாரம். அவன் பங்கிலும் பாதியைப் பிடுங்கித் தின்றேன். தொண்டையில் நின்ற மருந்து நெடி போக, அதன்மேல் இருவரும் பீடி பிடித்தோம். புகையைப் புகையால் விரட்டிய மேதைகள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, இருமல் என்று சேலத்தில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனேன். பழைய வேலைகளையெல்லாம் கேட்டார். தீ விபத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தத் தூசியும் புகையும் உள்ளயே கெடந்து, வருசம் கழிச்சுப் புற்றுநோயாக் கெளம்பலாமுங்க. பீடி குடிச்சா ஆபத்து இன்னும் பல மடங்கு. இன்னிக்கே விட்டுருங்க. வருசா வருசம் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். கூட வேல செஞ்சவரையும் கூட்டிட்டு வாங்க.”

பீடியை அன்றே விட்டேன். மன உறுதி என்று நினைக்க வேண்டாம், பயம். ஆனால் அந்தப் பயத்தை அவனிடம் சொல்லத் தெரியவில்லை. சிரிக்காமல் பேசிப் பழக்கமில்லாத வாய். “சேலத்துல உன்ற நெஞ்ச போட்டோ புடிக்கறாங்கடா மாப்ள. தலய சீவிக்கிட்டு வா” என்றேன்.

“உன்ற மூஞ்சியப் புடிச்சே கேமரா கெட்டிருக்கும், போடா” என்று பீடியைப் பற்றவைத்தான்.

இரண்டு வருடம் இப்படியே போனது. மூன்றாம் வருடம் சளியில் ரத்தம் கண்ட பிறகு வந்தான். தலை சீவி, நெற்றியில் திருநீறு, சலவை செய்த வெள்ளைச் சட்டை. “போட்டோன்னு சொன்னீல்ல” என்றான். எக்ஸ்ரே அறையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மடிப்புக் கலையாமல் அதை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

என் படம் சுத்தம். அவன் படத்தில் நிழல். பெரிதாகிவிட்டது என்றார் டாக்டர்.

திரும்பும் பேருந்தில் அவன்தான் பேச்செடுத்தான். “என்ற வெல்லத்தையும் சேத்துத் தின்னீல்ல. அதான் உனக்கு ஒண்ணுமில்ல.”

அவன் சிரித்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த பொங்கலுக்கு அவன் இல்லை.

அதன்பின் வருடா வருடம் தனியாகப் போனேன். பேருந்தில் பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு வைப்பேன்; யாராவது கேட்டால் எடுத்துவிடுவேன். பெஞ்சிலும் நான் மட்டும். கடைசியில் டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, “ஒண்ணுமில்லீங்க, போயிட்டு வாங்க” என்பார்.

நான் எழுந்திருக்க மாட்டேன். “ஏனுங்க, வெல்லத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் ஏதாச்சும்...”

“ஒரு சம்பந்தமும் இல்லீங்க. போன வருசமும் சொன்னேனே.”

சொன்னார்தான். அடுத்த வருடமும் கேட்டேன்.